திருப்புளி இருந்தால் போதும்! வீட்டிலேயே பழுது பார்க்கும் செல்போன்

சைக்கிள் டியூப் பஞ்சர் ஆனால், சைக்கிளையே தூக்கி எறிகிறோமா? தையல் மெஷினில் ஊசி முறிந்தால், புது மெஷின் வாங்குகிறோமா? இல்லை.

ஆனால் செல்போனில் பாட்டரி கெட்டாலோ, கண்ணாடி உடைந்தாலோ, "இதைச் சரி செய்கிற காசுக்குப் புதுசே வாங்கிவிடலாம்" என்கிறார்கள். நாமும் வாங்கிவிடுகிறோம்.

"செல்போனுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவிதி?" என்று கேட்டது ஒரு கம்பெனி. அதன் பெயர் 'பேர்போன்'. 'பேர்' என்றால் நியாயம். நெதர்லாந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரில் 2013-ம் ஆண்டு தொடங்கிய கம்பெனி இது. அதன் ஆறாம் தலைமுறை செல்போன் 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது.

12 பாகங்கள்

பார்வைக்கு இது மற்ற போன்களைப் போலத்தான். திரை 6.31 அங்குலம். எடை 193 கிராம்.

விசேஷம் உள்ளே இருக்கிறது! பாட்டரி, திரை, காமிரா, ஒலிபெருக்கி, சார்ஜர் செருகும் இடம் என்று 12 பாகங்களைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். அதற்கு ஒரே ஒரு சின்னத் திருப்புளி போதும்.

பெரும்பாலான போன்களில் பாட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். மூடியும் ஒட்டித்தான் இருக்கும். சூடு காட்டி, பசையை இளக்கித்தான் பிரிக்க வேண்டும். இதிலோ திருகாணியைக் கழற்றினால் பாட்டரி கைக்கு வந்துவிடும்.

பாட்டரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? போனில் முதலில் தளர்ந்துபோவது அதுதான். சார்ஜ் ஏற்ற ஏற்ற, மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நூற்றுக்கணக்கான தடவை ஏற்றிய பிறகு, காலையில் போட்ட சார்ஜ் மாலை வரை தாங்காது.

கணக்குப் பாருங்கள்

போன் வெளிவந்தபோது விலை 599 யூரோ. புதுப் பாட்டரி சுமார் 40 யூரோ. புதுத் திரை சுமார் 90 யூரோ. அதாவது, போன் விலையில் பதினைந்தில் ஒரு பங்கு கொடுத்தால் புதுப் பாட்டரி! போனும் பிழைத்துக்கொள்ளும்.

பாகம் மட்டும் இருந்தால் போதாது. போனை இயக்கும் ஆண்ட்ராய்டையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் திருடர்கள் நுழைய வழி கிடைத்துவிடும். இந்தப் போனுக்கு 2033-ம் ஆண்டு வரை புதுப்பிப்பு தருவதாகக் கம்பெனி உறுதி கூறியிருக்கிறது.

பக்கவாட்டில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைத் தள்ளினால், தேவையான சில வசதிகள் மட்டும் திரையில் நிற்கும். மற்றவை மறைந்துவிடும். படிக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல யோசனை!

குறை இல்லையா?

உண்டு. தண்ணீர் தெளித்தால் தாங்கும். தண்ணீருக்குள் விழுந்தால் தாங்கும் என்ற உறுதி இல்லை. இயர்போன் செருகத் தனித் துளை கிடையாது. 2023-ல் வந்த முந்தைய போனில் பாட்டரியை வெறும் விரலாலேயே எடுத்துவிடலாம். இதில் திருகாணி வந்துவிட்டது. இதே பணத்துக்கு, இதைவிட வேகமாக வேலை செய்யும் போன்களும் உண்டு.

ஆனால் வேகத்தைவிட ஆயுள் பெரிது என்பவர்களுக்கு இது ஏற்ற போன்.

சட்டமும் வந்தது

ஐரோப்பிய யூனியன் சட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல், அங்கே விற்பனைக்கு வரும் புதிய செல்போன்களுக்கு ஒரு நிபந்தனை. அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும், முக்கிய உதிரிப் பாகங்கள் 7 வருடம் கிடைக்க வேண்டும்.

ஆகவே, எந்தப் போன் வாங்கப் போனாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

பாட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்?

திரை உடைந்தால் என்ன செலவு?

எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும்?

காமிரா எத்தனை என்பதை அப்புறம் கேட்கலாம். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தயங்கினால், பணத்தை எடுத்து நீட்ட நீங்களும் தயங்குங்கள்!