தூண்டில்காரரின் நோட்டு

குளத்தில் தண்ணீர் வற்றினால் மீன் தெரிந்துவிடும். ஆற்றில் அப்படி இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடியில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன? போன வருடத்தைவிடக் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா? கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது.

ஆனால் ஒருவருக்குக் கொஞ்சம் தெரியும். அவர்தான் தூண்டில்காரர். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

காவிரி ஆறு கர்நாடகத்தில் ஓடும் ஒரு பகுதியில், தூண்டில்காரர்கள் பிடித்த மீன்களை நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. என்ன மீன், எத்தனை எடை, எந்த நாள், எவ்வளவு நேரம் தூண்டில் போட்டார்கள் என்ற விவரங்கள்தான். இப்படிப் பல வருடங்கள் எழுதினார்கள். ஒருநாள் அந்த நோட்டு யாரும் எதிர்பாராத செய்தி ஒன்றைச் சொன்னது. அது என்ன என்று பார்ப்போம்.

ஆற்றைப் படிப்பது

நாம் புத்தகம் படிக்கிறோம். நல்ல தூண்டில்காரர் ஆற்றைப் படிக்கிறார்.

மீன் ஆற்றில் கண்ட இடத்தில் நிற்பதில்லை. வேகமாக ஓடும் நீரில் நின்றால் அதற்குக் களைப்பு வரும். அதனால் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். வேக நீரும் மெதுவான நீரும் சேரும் இடத்தில் நிற்கும். வேக நீர் புழுவையும் பூச்சியையும் அடித்துக்கொண்டு வரும். மீன் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து சாப்பிடும். ஆழமான மடுக்களிலும் மரநிழலிலும் வெயில் நேரத்தில் மீன் தங்கும்.

தூண்டில்காரர் கரையில் தடதடவென்று நடக்க மாட்டார். ஏன் தெரியுமா? மீனின் உடம்பில் இரண்டு பக்கமும் ஒரு கோடு போல இருக்கிறது அல்லவா? அது வெறும் கோடு அல்ல. தண்ணீரில் ஏற்படும் அதிர்வை அந்தக் கோட்டால் மீன் உணர்ந்துகொள்கிறது. நம் நிழல் தண்ணீரில் விழுந்தாலும் மீன் விலகிப் போகும்.

தூண்டில் போடுவது பழைய கலை. கர்நாடகப் பகுதியை ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12-ம் நூற்றாண்டில் 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலை எழுதினார். அதில் மீன்பிடிப்பதற்கு ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. எந்த மீனுக்கு என்ன இரை என்று மன்னர் எழுதி வைத்திருக்கிறார்.

பெரிய செதில் மீன்

காவிரியில் தூண்டில்காரர்கள் தேடி வந்தது மகசீர் என்ற மீனை. இது கெண்டை இனத்தைச் சேர்ந்தது. செதில்கள் பெரியவை. வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. தாடையில் பல் கிடையாது. ஆனால் தொண்டைக்குள் வலுவான பற்கள் இருக்கின்றன. நண்டையும் நத்தையையும் அவற்றால் நொறுக்கித் தின்னும். கரையோர மரத்திலிருந்து உதிரும் பழங்களையும் தின்னும்.

இந்த மீனுக்குப் போடும் இரை என்ன தெரியுமா? ராகிக் களி! ராகி மாவைக் கெட்டியாகக் கிண்டி, பிசைந்து, உருண்டை பிடிப்பார்கள். அதைத் தூண்டில் முள்ளில் பொதிந்து பாறைகளுக்கு நடுவே எறிவார்கள்.

மகசீர் கொக்கியில் மாட்டினால் சும்மா வராது. நீரோட்டத்தோடு சேர்ந்து ஓடும். பாறை இடுக்கில் நுழையும். பெரிய மீன் என்றால், பரிசலில் ஏறி அதன் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். 1946-ம் ஆண்டு, மைசூரில் வாழ்ந்த வான் இங்கன் என்பவர், காவிரியில் சேரும் கபினி ஆற்றில் ஒரு மகசீரைப் பிடித்தார். அதன் எடை 120 பவுண்டு. அதாவது சுமார் 54 கிலோ. ஓர் ஆள் எடை!

பிடித்து, விட்டுவிடுவது

சிவசமுத்திர அருவிக்குக் கீழே காவிரி காடுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே ஓடுகிறது. மேகதாட்டு வரை அப்படித்தான். அங்கே பீமேசுவரி, காலிபோரே போன்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. தென்னிந்திய வன உயிரினச் சங்கம் என்ற அமைப்பும் 1972 முதல் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்துவந்தது.

முகாம்களில் ஒரு விதி உண்டு. பிடித்த மீனை உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

"விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆற்றோரம் வாழ்பவருக்கு மீன் என்பது உணவு. வெளியூரிலிருந்து வருபவருக்கு அது பொழுதுபோக்கு. ஆனால் அந்தப் பொழுதுபோக்கால் உள்ளூரில் சிலருக்கு வேலை கிடைத்தது. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலர் முகாமில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சேர்ந்தார்கள். ஆற்றின் ஒவ்வொரு மடுவும் அவர்களுக்குத் தெரியும். செத்த மீனை ஒருமுறைதான் விற்கலாம். உயிரோடு இருக்கும் மீன் பல வருடம் கூலி தரும். இதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

மீனை விடுவதற்கும் பக்குவம் வேண்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால், மீனின் மேலுள்ள வழுவழுப்பு போய்விடும். அந்த வழுவழுப்புதான் நோய் அண்டாமல் மீனைக் காக்கிறது. செவுளில் விரலை விட்டுத் தூக்கக்கூடாது. கூடுமானவரை தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுக்க வேண்டும். பிறகு நீரோட்டத்தை எதிர்த்துத் தலை இருக்கும்படி மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீன் தானாகவே துள்ளிப் போகும்வரை கையை எடுக்கக்கூடாது.

நோட்டு சொன்ன செய்தி

காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிய பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அதில் இருந்தது. 23,000 மணி நேரத்துக்கும் மேல் தூண்டில் போட்ட கணக்கு அது. 2015-ல் ஆய்வு வெளிவந்தது.

முதலில் பார்த்தால் நல்ல செய்திதான். வருடம் போகப் போக, கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆறு நன்றாக இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் நோட்டில் மீனின் வகையும் எழுதியிருந்தது. அங்கேதான் விஷயம் இருக்கிறது. கூடியிருந்தது நீலத் துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய மகசீர் வேறு. அதன் துடுப்புகள் ஆரஞ்சு நிறம். தலைக்குப் பின்னால் முதுகு திமில் போல உயர்ந்திருக்கும். அந்தத் திமில் மகசீர் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போயிருந்தது.

நீலத் துடுப்பு மகசீர் எங்கிருந்து வந்தது? மனிதர்கள் கொண்டுவந்து விட்டதுதான். மகாராஷ்டிரத்தில் லோணாவ்ளா என்ற ஊரில் மகசீர் குஞ்சுகளைப் பொரிக்க வைக்கும் பண்ணை உண்டு. அழிந்துவரும் மகசீரைப் பெருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, 1970-களில் தொடங்கி அந்தக் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். மகசீர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தார்கள். வந்த மீன் பெருகியது. வீட்டு மீன் ஒதுங்கியது.

எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. வகையையும் சேர்த்து எழுதியதால்தான் தெரிந்தது.

பெயர் இல்லாத மீன்

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். திமில் மகசீரை நூறு வருடத்துக்கும் மேலாகத் தூண்டில்காரர்கள் அறிவார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் அதைத் தேடி வந்தார்கள். ஆனால் அறிவியலில் அதற்கு உறுதியான பெயர் இல்லாமல் இருந்தது. எந்த வகை என்றே முடிவாகவில்லை.

2018-ல்தான் முடிவு கிடைத்தது. கேரளத்தில் பாம்பாறு என்ற சிற்றாறு இருக்கிறது. அதன் நீர் அமராவதியில் சேர்ந்து, பிறகு காவிரிக்கு வருகிறது. அங்கே கண்டுபிடித்த ஒரு மகசீருக்கு ஆய்வாளர்கள் 'டார் ரேமாதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ரேமாதேவி என்பவர் மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானி. அந்த மீனும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்று தெரியவந்தது. அதே 2018-ல், அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பெயர் உறுதியான வருடமே அபாய அறிவிப்பும் வந்தது.

வெடியும் நஞ்சும்

வந்த மீன் மட்டும்தான் காரணமா? இல்லை. திமில் மகசீருக்குப் பல பக்கமும் இடைஞ்சல்.

மகசீர் மழைக்காலத்தில் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். தெளிந்த நீர் ஓடும் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். நடுவே அணை இருந்தால் ஏற முடியாது. மணலையும் கல்லையும் அள்ளிவிட்டால் முட்டையிட இடம் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது வெடி. வெடியை மடுவில் எறிந்தால் ஒரு நொடியில் மீன்கள் மிதக்கும். பெரிய மீனை மட்டும் அள்ளிப் போவார்கள். சின்னக் குஞ்சுகளும் சேர்ந்து செத்துப் போகும். பல மீன்கள் அடியிலேயே மூழ்கிக் கிடந்து அழுகும். எறிந்தவர் கையே போன சம்பவங்களும் உண்டு. நஞ்சு கலப்பதும் இப்படித்தான். அதே தண்ணீரைத்தானே கீழே உள்ள ஊர் குடிக்கிறது? ஆடு மாடு குடிக்கிறது?

கர்நாடகத்தில் சிசிலா என்ற ஊரில் கோயில் துறையில் மகசீர்களைச் சாமி மீன்களாகக் காத்துவருகிறார்கள். யாரும் பிடிக்க மாட்டார்கள். 1996-ல் யாரோ அங்கே நஞ்சு கலந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. ஊர்மக்கள் அந்த மீன்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். மீனுக்கும் நினைவுச் சின்னம் வைத்த ஊர் அது.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். இன்றும் குற்றம்தான்.

காலிபோரே, பீமேசுவரி இருக்கும் காட்டுப் பகுதி 1987-ல் காவிரி வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2012-வாக்கில் அங்கே தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. சரணாலயத்தில் எந்த உயிரையும் பிடிக்கக்கூடாது என்பது ஒரு கட்சி. தூண்டில்காரர்கள் போனால் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் கண்களும் போய்விடும், வெடிக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒன்று நிச்சயம். தூண்டில் நின்றபோது அந்த நோட்டும் நின்றுபோனது.

நாம் என்ன செய்யலாம்?

நம் ஊரிலும் ஆறோ, வாய்க்காலோ, ஏரியோ இருக்கும். மீன் பிடிப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் பிழைப்பை விட வேண்டியதில்லை. சிலவற்றைக் கவனித்தால் போதும்.

புதுவெள்ளத்தில் ஏறிவரும் ஏத்துமீன் வயிறு நிறைய முட்டையோடு வரும். அதை விட்டுவிட்டால் அடுத்த வருடம் ஆறு நிறைய மீன் இருக்கும். குஞ்சு மீனை அரித்து எடுக்கும் சிறுகண் வலை வேண்டாம். வெளியூர் மீனை ஆற்றில் விடுவதற்கு முன் மீன்துறையினரைக் கேளுங்கள். வெடி, நஞ்சு என்று தெரிந்தால் உடனே தகவல் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இதற்குக் காசு செலவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். இன்று என்ன மீன் கிடைத்தது? எத்தனை கிடைத்தது? எந்த இடத்தில்? தண்ணீர் தெளிவா, கலங்கலா? நம் ஊரில் வழங்கும் பெயரிலேயே எழுதலாம். கெண்டை, கெளுத்தி, விரால், ஆரால் என்று தனித்தனியாக எழுத வேண்டும். மொத்தம் இத்தனை கிலோ என்று மட்டும் எழுதினால் போதாது.

"முன்பெல்லாம் எவ்வளவு மீன் இருந்தது!" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதிகாரியிடம் போய்ச் சொன்னால், "எப்போது இருந்தது? எத்தனை இருந்தது?" என்று கேட்பார். நோட்டு இருந்தால் விரித்துக் காட்டலாம்.

சிந்திப்போம், பேசுவோம்

1. உங்கள் ஊர் நீர்நிலையில் முன்பு இருந்து, இப்போது காணாமல் போன மீன்கள் எவை? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

2. புதிதாக வந்து பெருகிய மீன்கள் எவை? அவற்றை யார் கொண்டுவந்து விட்டார்கள்?

3. மீன்களின் எண்ணிக்கை கூடியும் காவிரியில் கவலை ஏற்பட்டது ஏன்?