பேஷ்கோயியா, அந்தாஜா?

ஆனேக்கல்லில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பல மொழி புழங்குவது புதிதல்ல. வீட்டில் தமிழ், கடைவீதியில் கன்னடம், பக்கத்துத் தெருவில் தக்கனி உருது, பிள்ளைகளின் பாடத்தில் ஆங்கிலம். ஆனாலும் ஒரு சொல்லை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வது எளிதன்று.

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் சிலர் உருது பேசும் வீட்டினர். ஒரு நாள் பாடத்தில் 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல் வந்தது. ஒரு மாணவி, உருதுச் செய்திகளில் வருகிறபடி 'பேஷ்கோயி' என்று பொருள் எழுதினாள். 'பேஷ்' என்றால் முன். 'கோயி' என்றால் சொல்லுதல். 'ப்ரெடிக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் லத்தீன் மூலத்தில் இதே பொருள்தான். அகராதிப்படி குறையில்லை.

அவளை அழைத்துப் போக வந்த பாட்டனாருக்கு அது ஒப்பவில்லை. "மழை எப்போது வரும் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும், பேட்டி. குறி சொல்கிறவன் பேச்சை நாங்கள் கேட்பதில்லை" என்றார். மறைவானவற்றை அறிபவன் இறைவன் ஒருவனே என்பது இஸ்லாத்தின் அடிப்படை நம்பிக்கை. பேஷ்கோயி என்ற சொல்லோ ஜோசியனின் வாக்குக்கும் வழங்குவது. ஆகவே கைப்பேசியில் வரும் மழை எச்சரிக்கையையும் அவர் ஜோசியத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். அவர் ராகி பயிரிடுகிறவர். அறுத்த கதிர் வெளியில் கிடக்கும் நாளில் இது சொல்லாராய்ச்சி மட்டுமல்ல, ஒரு வருட உழைப்பு.

இதே சங்கடம் ஆங்கிலேயருக்கும் இருந்தது. 1859-ல் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி புயல் எச்சரிக்கை முறையை ஏற்படுத்தினார். 1861 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் அவரது வானிலைக் குறிப்புகள் வெளிவரத் தொடங்கின. தீர்க்கதரிசனம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதென்றே அவர் 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். காற்றழுத்தத்தையும் காற்றின் போக்கையும் அளந்து கூறும் கருத்து என்பதே அவர் கொண்ட பொருள்.

இதைப் பெரியவரிடம் கூறி, "சந்தையில் மூட்டையைப் பார்த்ததும் இத்தனை கிலோ என்கிறீர்களே, அது என்ன?" என்று கேட்டேன். "அந்தாஜ்" என்றார் உடனே. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த 'அந்தாஜா' அது. கன்னடத்தில் 'அந்தாஜு'. நாமும் 'அந்தாஜா பத்து கிலோ இருக்கும்' என்கிறோமே! "வானிலைக்காரரும் மேகத்தையும் காற்றையும் பார்த்து அந்தாஜ்தான் போடுகிறார்" என்றேன். "அப்படியானால் கேட்கலாம். அந்தாஜ் மனிதனுடையது, முடிவு அல்லாவுடையது" என்றார் அவர்.

இந்திய வானிலைத் துறை 1875-ல் நிறுவப்பட்டது. 1886 முதல் பருவமழையைப் பற்றி முன்கூட்டிக் கூறி வருகிறது. இன்றும் அதன் அறிக்கைகளில் 'வாய்ப்பு' என்ற சொல்லும் விழுக்காடும் உண்டு. இத்தனை ஆண்டு அனுபவத்திற்குப் பிறகும் 'நிச்சயம்' என்று சொல்லாததே அது குறி அல்ல, கணக்கு என்பதற்குச் சான்று.

நம் தமிழிலும் 'கணிப்பு' என்ற ஒரே சொல் ஜோசியத்துக்கும் கணக்குக்கும் வழங்குகிறது. எனவே நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் எடுத்துச் சொல்லட்டும். அண்டை வீட்டாருக்கு ஒரு சொல்லை விளக்கும்போது, அகராதிக்கு முன் அவர்கள் சந்தையில் புழங்கும் சொல்லைத் தேடுங்கள்.