மஸமன் கறியும் நாங்கள் கேட்ட கேள்விகளும்

கொழும்பில் தாய்லாந்து உணவு இன்று புதினமான ஒன்றல்ல. பேர வாவிக் கரையில் சினமன் லேக்சைட் ஹோட்டலில் உள்ள ‘ரோயல் தாய்’ பலரும் பெயரளவிலாவது அறிந்த இடம். அதைத் தவிரவும் பல தாய் உணவகங்கள் இருக்கின்றன. ஆயினும் “தாய் ரெஸ்டோரண்டுக்குப் போகப் போறோம்” என்று வீட்டில் சொன்னதும் இரண்டு கேள்விகள் எழும். உம்மா கேட்பார்: “அங்க ஹலாலா?” வாப்பா கேட்பார்: “எவ்வளவு செலவாகும்?” இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு நான் தேடிக்கொண்ட விடைகளையே இங்கு எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பொன்றில் பழகி ஒன்றான தோழியர் நாங்கள் நால்வர். ஒருத்தி மேற்படிப்புக்காக மலேசியா செல்லவிருந்தாள். அவளை நல்லதோர் இடத்தில் விருந்து கொடுத்து வழியனுப்ப விரும்பினோம். தாய் உணவு அவளுடைய ஆசை. அவளும் நானும் முஸ்லிம்கள். வெள்ளவத்தைத் தோழி இந்து; நாங்கள் தெரிந்தெடுத்த நாள் புரட்டாதிச் சனி என்பதால் அன்று அவள் சைவம். கொட்டாஞ்சேனைத் தோழி கத்தோலிக்கர்; அவளுக்கு எல்லாம் ஆகும், இறால் மட்டும் ஆகாது. இறால் பட்டாலே உதடு வீங்கி மூச்சுத் திணறும். ஆக, ஒரே மேசையில் மூன்று விதமான கவனம் தேவைப்பட்டது. அதனால் முதல் நாளே உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, தாய்ச் சமையலின் அடிப்படையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். தேங்காய்ப்பால், கொச்சிக்காய், ரம்பை, தேசிக்காய், எலுமிச்சம்புல் எல்லாம் நமக்குப் பழக்கமானவைதான். பேரரத்தையைக்கூட மருந்துச் சரக்காக அறிவோம். நமக்குப் புதியவை இரண்டு. ஒன்று ‘நம் ப்லா’ எனும் மீன் சோஸ். நெத்தலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டுப் பல மாதங்கள் ஊறவைத்து வடித்தெடுக்கும் சாறு இது. மற்றையது ‘கப்பி’ எனும் இறால் விழுது. சிறு இறாலை உப்போடு புளிக்கவைத்து அரைத்தது. நம் வீட்டுச் சம்பலிலும் மரக்கறியிலும் மாசித்தூள் செய்யும் வேலையை அங்கே இவ்விரண்டும் செய்கின்றன. மாசி கண்ணுக்குத் தெரியாமல் சுவையில் மட்டும் இருப்பது போலத்தான் இவையும்.

அதனால்தான் மெனுவில் ‘மரக்கறி’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது. மரக்கறி வறுவலிலும் மீன் சோஸ் சேர்ந்திருக்கலாம். சைவத் தோழிக்கு அது ஆகாது. கறிக்கான மசாலா விழுதில் பெரும்பாலும் கப்பி சேரும். கோழிக் கறி என்று நினைத்து உண்டாலும் கொட்டாஞ்சேனைத் தோழிக்கு அது ஆபத்து.

ஹலால் பற்றிய எங்கள் கேள்விகள் வேறு. மீன் சோஸில் மீனும் உப்பும்தான் பிரதானம். நமக்கு அது பெரிய சிக்கலல்ல. கோழியும் இறைச்சியும் எங்கிருந்து வருகின்றன, சான்றிதழ் உண்டா? வறுவல்களிலோ சோஸிலோ சமையல் வைன் சேர்ப்பார்களா? பன்றி இறைச்சி சமைக்கும் சட்டியும் கரண்டியும் எண்ணெயும் வேறாக இருக்குமா? இந்த மூன்றையும் கேட்டேன். “ஹலாலா?” என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் “ஓம்” என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். பிரித்துக் கேட்டதால் தொலைபேசி எடுத்தவர் சமையல் பொறுப்பாளரிடமே இணைப்பைக் கொடுத்தார். மசாலா விழுதை அன்றன்று அரைப்பதால் கப்பி இல்லாமல் தனியாக அரைக்க முடியும் என்றும், எங்களுக்கு வேறு சட்டியில் சமைக்கலாம் என்றும் அவர் சொன்னார். மறுநாள் கோழி வழங்குநரின் ஹலால் சான்றிதழையும் காட்டினார்.

அவர்தான் மஸமன் கறியைப் பரிந்துரைத்தார். அதன் கதை நம் மாணவிகள் அறிய வேண்டியது. ‘மஸமன்’ என்பது ‘முசல்மான்’ என்ற சொல்லிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானின் கும் நகரிலிருந்து ஷெய்க் அஹ்மத் என்ற வணிகர் அன்றைய சியாமின் தலைநகரான அயுத்தயாவில் குடியேறினார். மன்னரின் அரசவையில் உயர்ந்து, அந்நாட்டின் முதலாவது ஷெய்குல் இஸ்லாமாகவும் ஆனார். அவர் போன்ற முஸ்லிம் வணிகர்கள் வழியாகவே இந்தக் கறி அங்கே பரவியது என்பர். பின்னாளில் இரண்டாம் ராமா என்ற பெயரில் 1809 முதல் 1824 வரை ஆண்ட மன்னர் இளவரசராக இருந்தபோது உணவுகளைப் புகழ்ந்து எழுதிய கவிதையில் மஸமனே முதலில் வருகிறது. 2011இல் சி.என்.என். நிறுவனம் வெளியிட்ட உலகின் 50 சுவையான உணவுகளின் பட்டியலிலும் அதற்கே முதலிடம். கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், சீரகம் ஆகியவற்றோடு கச்சானும் உருளைக்கிழங்கும் பழப்புளியும் சேர்ந்த அந்தக் கறியை ருசித்தபோது அது எங்கள் கல்யாண வீட்டுக் கறிக்கு ஒன்றுவிட்ட சகோதரி போல இருந்தது.

உண்ணும் முறையும் நமக்கு அந்நியமல்ல. தாய்லாந்தில் ஆளுக்கொரு கறி என்று எடுப்பதில்லை. கறிகள் நடுவில் இருக்கும். சோறு மட்டும் அவரவர் தட்டில். ஒரே சஹனில் கூடி உண்டு பழகிய எங்கள் இருவருக்கும் அது இலகுவாக இருந்தது. இடக்கையிலுள்ள முள்ளுக்கரண்டி உணவைத் தள்ளுவதற்கு மட்டுமே. வாய்க்குப் போவது வலக்கையிலுள்ள கரண்டி. நூடில்ஸ் தவிர்ந்த உணவுகளுக்குக் குச்சி தேவையில்லை. சைவத் தோழிக்கு மீன் சோஸுக்குப் பதிலாக சோயா சோஸ் சேர்த்த தோஃபு வறுவல் தனித் தட்டில் வந்தது.

இனி வாப்பாவின் கேள்வி. மெனுவில் இருக்கும் விலை முழு விலையல்ல. 2,000 ரூபாய் உணவுக்கு 10 வீத சேவைக் கட்டணம் 200 ரூபாய். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம், அது 360 ரூபாய். குறைந்தது 2,560 ரூபாய் ஆகிவிடும். ஆகவே ஆளுக்கு எவ்வளவு என்பதை வீட்டிலிருந்து புறப்படுமுன்பே பேசி முடித்தோம். எங்களில் ஒருத்தியின் குடும்பத்துக்கு அப்போது கைநெருக்கடி. யார் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவளால் இயன்ற தொகையையே நால்வருக்கும் பொது எல்லையாக வைத்தோம். மூன்று கறி, ஒரு வறுவல், சோறு; பானத்துக்குத் தண்ணீர். பில் வந்தபோது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சகோதரிகளே, பெரிய உணவகத்தில் கேள்வி கேட்டால் நாகரிகம் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. பெற்றோரே, உங்கள் மகள் போக அனுமதி கேட்டால், முதலில் அவளையே தொலைபேசி எடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். மார்க்கத்துக்காக நான் கேட்ட கேள்வி, விரதத்துக்காக ஒருத்தி கேட்டது, உயிருக்காக மற்றவள் கேட்டது மூன்றுக்கும் ஒரே மனிதர் ஒரே மரியாதையுடன் பதில் தந்தார். மலேசியா சென்ற தோழி இப்போது அங்குள்ள கடைகளிலும் அதே கேள்விகளைக் கேட்கிறாளாம், கூடவே, “இதில இறால் இருக்கா?” என்றும் பழக்கத்தில் கேட்டுவிடுகிறாளாம்.