ராத்திரி உங்க செல்போன் தூங்குதா?

மணி பதினொன்றரை. ஹாஸ்டல் ரூமில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நாலு பேர், நாலு சார்ஜர், தினமும் ஒரு குருக்ஷேத்திரம்! ஒருவழியாகச் சண்டை முடிந்து, செல்லை சார்ஜில் போட்டு டேபிள் மேல் வைத்துவிட்டுக் குப்புறப் படுக்கிறீர்கள். அதுவும் தூங்கிவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை பாஸ். அது ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், இனிமேல்தான் அதற்கு வாட்ச்மேன் டியூட்டி. தரை ஆடுகிறதா என்று விடிய விடிய பார்த்துக்கொண்டே இருக்கும்.

"சும்மா அடிச்சு விடாத மச்சி" என்றான் என் ரூம்மேட். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

போனைச் சாய்த்தால் திரையும் கூடவே திரும்புகிறது இல்லையா? அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் என்கிற குட்டி சிப். அசைவை அளப்பதுதான் அதன் வேலை. கேம்ஸுக்கும் போட்டோவுக்கும் வைத்ததை நிலநடுக்கம் பார்க்கவும் பயன்படுத்தலாமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஐடியா ஒன்றும் புதுசு இல்லை. 2008-லேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 'க்வேக் கேட்சர் நெட்வொர்க்' என்று லேப்டாப்களை வைத்து இதை முயன்று பார்த்தார்கள். கீழே விழும்போது ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகாமல் இருக்க சில லேப்டாப்களில் ஒரு சென்சார் இருக்கும். அதையே இதற்கு இழுத்துவிட்டார்கள். 2016-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் 'மைஷேக்' என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. 2020 ஆகஸ்ட்டில் கூகுள் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே அதைப் புகுத்தியது. நம் நாட்டுக்கு வந்தது 2023 செப்டம்பரில்.

சரி, போன் ஆடுகிறது. அதற்குள் கட்டடமும் ஆடிவிடாதா? இங்கேதான் ஒரு ஃபிசிக்ஸ் மேட்டர். நிலநடுக்கத்தில் முதலில் ஓடி வருவது பி அலை. விநாடிக்கு ஆறு கிலோமீட்டர் போல வேகம், ஆனால் பெரிதாகச் சேதம் பண்ணாது. பின்னாலேயே மூன்று, மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் எஸ் அலை வரும். சுவரைச் சாய்க்கிற வில்லன் அதுதான். மையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி நீங்கள் இருந்தால், வில்லன் வந்து சேர அரை நிமிஷம் ஆகும். மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற போன்கள் பி அலையிலேயே உஷாராகி இன்டர்நெட்டில் சொல்லிவிட்டால், செய்தி உங்களிடம் முதலில் வந்துவிடும். டேபிளுக்கு அடியில் புகுந்துகொள்ள அது போதும். ஆனால் மையத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் லாபமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஒரு போனை நம்பலாமா? டெஸ்ட் பண்ணிவிடுவோம் என்று இறங்கினோம். அசைவை கிராஃபாகக் காட்டும் இலவச ஆப் ஒன்றை மூன்று போன்களில் போட்டு, ஒன்றை டேபிளிலும், ஒன்றை ஜன்னல் திண்டிலும், ஒன்றைக் கட்டிலிலும் வைத்தோம். ரூம்மேட் (எடை கேட்காதீர்கள்) கட்டிலில் தொப்பென்று விழுந்தான். கட்டில் போனில் ஒரு மலையே எழுந்தது! மற்ற இரண்டும் கம்மென்று கிடந்தன. அடுத்து ஒருத்தன் கதவை அறைந்து சாத்தினான். மூன்றும் துள்ளின. அதாவது ஒரு போன் சொன்னால் அது பிரண்ட் பண்ணின வேலை. மூன்று போன் சொன்னாலும் அது கதவு வேலையாக இருக்கலாம், ஏனென்றால் மூன்றும் ஒரே ரூமில் இருக்கின்றன.

அதனால்தான் நிஜ சிஸ்டத்தில் உங்கள் போன் தானாக எந்த முடிவும் எடுப்பதில்லை. பேசாமல் ஒரிடத்தில் கிடக்கிற போன், 'இங்கே ஏதோ ஆடிச்சு' என்று தோராயமான இடத்தோடு சர்வருக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். இப்படிப் பல போன்கள் பல ஊர்களிலிருந்து சொல்ல வேண்டும். அதுவும் குளத்தில் கல் விழுந்த மாதிரி, பக்கத்தில் முதலில், தூரத்தில் அப்புறம் என்று வரிசையாக வர வேண்டும். அப்போதுதான் சர்வர் நம்பும்.

நம்பி ஏமாந்ததும் உண்டு. 2025 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரைப்படி, அலர்ட் போன 1,279 சம்பவங்களில் 3 மட்டும் பொய். இரண்டுக்குக் காரணம் இடி. மூன்றாவதுதான் செம காமெடி. ஏதோ ஒரு நோட்டிஃபிகேஷன் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட போன்களுக்குப் போக, எல்லாம் வைப்ரேட் ஆக, அந்த வைப்ரேஷனையே பூகம்பம் என்று நினைத்துவிட்டது!

சிரிப்பு இதோடு போதும். 2023 பிப்ரவரி 6. துருக்கியில் அதிகாலை 4.17 மணிக்கு 7.8 அளவில் நிலநடுக்கம். துருக்கி, சிரியா இரண்டிலுமாக 55 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். அன்றைக்கு அங்கே இந்த சிஸ்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போன்கள் அதிர்வைக் கண்டும் பிடித்தன. கோட்டை விட்டது கணக்கில். 7.8 என்று வர வேண்டியதை 4.5-லிருந்து 4.9-க்குள் என்று குறைத்துப் போட்டுவிட்டது. பார்க்க மூன்று பாயின்ட் வித்தியாசம்தானே என்று தோன்றும். வெளிப்படும் ஆற்றலில் அது 20 ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இதில் என்ன போச்சு என்று கேட்டான் ரூம்மேட். அலர்ட்டில் இரண்டு வகை இருக்கிறது. 'பீ அவேர்' என்பது சாதாரண நோட்டிஃபிகேஷன். போனை 'டு நாட் டிஸ்டர்ப்'பில் போட்டிருந்தால் சத்தமே போடாது. 'டேக் ஆக்‌ஷன்' என்பது வேற லெவல். என்ன மோடில் வைத்திருந்தாலும் திரையை முழுசாகப் பிடித்துக்கொண்டு அலறும். அன்றைக்குச் சுமார் 5 லட்சம் பேருக்குப் போனது முதல் வகை. அலறுகிற வகை எத்தனை பேருக்குப் போனது தெரியுமா? 469. அதிகாலை நாலு மணிக்கு எந்த வகை நம்மை எழுப்பும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கணக்கு சரியாக வந்திருந்தால் ஒரு கோடி பேரின் போன் அலறியிருக்கும். சிலருக்கு 35 விநாடி வரை நேரம் கிடைத்திருக்கும்.

கூகுள் பிற்பாடு தன் கணக்கைத் திருத்தி, அதே நிலநடுக்கத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில்தான் இந்த ஒரு கோடி கிடைத்தது. திருத்தியது நல்ல விஷயம். ஆனால் 2023-ல் கேட்டபோது 'சிஸ்டம் நன்றாகத்தான் வேலை செய்தது' என்றார்கள். முழு விவரம் வெளியே வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 98 நாட்டு மக்களின் போன்களை சென்சாராக வைத்திருப்பவர்கள் இதைச் சொல்ல இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. லேப் ரெக்கார்டில் ஒரு ரீடிங் தப்பானால், அடுத்த வாரத்துக்குள் காரணம் எழுதித் தரச் சொல்கிறார்கள் எங்களை!

உங்கள் போனில் இது ஆனில் இருக்கிறதா என்று பார்க்க, செட்டிங்ஸில் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சிக்குள் போய் எர்த்க்வேக் அலர்ட்ஸைத் தேடுங்கள். லொகேஷனும் நெட்டும் ஆனில் இருக்க வேண்டும். இரண்டு அலர்ட்டும் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டுப் பார்க்க அங்கேயே டெமோ உண்டு. நாங்கள் ராத்திரி ஒரு மணிக்குப் போட்டுப் பார்த்தோம். பக்கத்து ரூமிலிருந்து செருப்பு வந்தது.

என் ரூம்மேட் இப்போதெல்லாம் போனைத் தலையணைக்கு அடியில் வைப்பதில்லை. டேபிளில்தான் வைக்கிறான். ப்ளக் பாயின்ட் சண்டை மட்டும் அப்படியே நடக்கிறது.