கடல் கடந்த கூஸ்கூஸ்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பெற்றோராகிய நாம் அதனை எளிதில் உணர்வதில்லை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பதினொரு வயது மகளைப் பள்ளித் தோழியர் ‘மதராசி’ என்கின்றனர். கோடை விடுமுறைக்குத் தஞ்சை சென்றால், அங்குள்ள சிறுவர் ‘தில்லிக்காரி’ என்று கேலி செய்கின்றனர். “அப்படியானால் நான் எந்த ஊர், அம்மா?” என்று அவள் ஒரு நாள் கேட்டபோது எனக்கு விடை கூறத் தோன்றவில்லை. சில நாட்களுக்குப் பின் விடை அடுக்களையில் கிடைத்தது. அதனைத் தந்தது ஓர் அயல்நாட்டு உணவு.

ஏதோ ஒரு நூலில் ‘கிரியோல் கூஸ்கூஸ்’ என்னும் காரமான உணவைப் பற்றிப் படித்த மகள், ஞாயிற்றுக்கிழமை அதனைச் செய்து தர வேண்டும் என்று பிடிவாதம் செய்தாள். அருகிலிருந்த கடையில் கூஸ்கூஸ் கேட்டேன். கடைக்காரர் ஒரு பொட்டலம் கசகசாவை எடுத்து நீட்டினார்! இந்தியில் கசகசாவுக்கு ‘கஸ்கஸ்’ என்று பெயர். குற்றம் அவருடையதன்று. வெறுங்கையோடு திரும்பிய என்னைக் கண்டு மகளின் முகம் வாடியது.

கூஸ்கூஸ் என்பது வட ஆப்பிரிக்க மக்களின் பழம்பெரும் உணவு. கடின வகைக் கோதுமையின் ரவையில் நீர் தெளித்து, சிறிது நுண்ணிய மாவு தூவி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சிறு மணிகளாக உருட்டுவர். பின்னர்க் குழம்பு கொதிக்கும் பானையின்மேல் துளையிட்ட பாத்திரத்தை அமர்த்தி, அந்த ஆவியிலேயே இருமுறையோ மும்முறையோ வேகவைப்பர். 13-ஆம் நூற்றாண்டின் அரபுச் சமையல் நூல்களிலேயே இதன் செய்முறை காணப்படுகிறது. 2020-ஆம் ஆண்டில் அல்ஜீரியா, மௌரித்தானியா, மொராக்கோ, துனீசியா ஆகிய நான்கு நாடுகளும் கூடி விண்ணப்பிக்க, யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மானிட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இவ்வுணவு பிறந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் கோதுமைக்குப் பதிலாக நம் கம்பைக் கொண்டே கூஸ்கூஸ் செய்கின்றனர். 1718-இல் பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவினர். மறு ஆண்டு முதல் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு அந்த லூசியானாப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டனர். செனகல் பகுதியினர் அவர்களுள் பலர். உடைமை ஏதுமின்றி வந்த அவர்கள், தம் கையறிவை மட்டும் இழக்கவில்லை. கம்பு கிடைக்காத மண்ணில் மக்காச்சோள மாவைப் பிசிறி இரும்புச் சட்டியில் கிளறினர். இன்றும் லூசியானாவில் அவ்வகை உணவு ‘கூஷ்கூஷ்’ என வழங்குகிறது. அப்பெயர் கூஸ்கூஸ் என்பதன் திரிபே என உணவு வரலாற்றறிஞர் பலர் கருதுவர்.

‘கிரியோல்’ என்னும் சொல்லும் பொருள் பொதிந்தது. முன்னோர் வேறு நாட்டினராயினும் குடியேறிய மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவரைக் குறிக்க எழுந்த சொல் அது. அவர்களுடைய சமையலும் அத்தகையதே. ஆப்பிரிக்கா தந்த வெண்டைக்காய், அமெரிக்க மண்ணின் மிளகாயும் தக்காளியும், பிரெஞ்சு மக்களின் தாளிப்பு முறை ஆகிய அனைத்தும் ஒரே சட்டியில் கூடின. வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு மூன்றும் அச்சமையலின் அடித்தளம். அக்குழம்பை அங்குப் பெரும்பாலும் சோற்றின்மேல் ஊற்றி உண்பர். கூஸ்கூஸோடு சேர்ப்பது அண்மைக் காலத்தார் கண்ட சுவை.

இவற்றையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் எழுந்தார். “மாவைப் பிசிறி ஆவியில் வேகவைப்பதா? இது நம் புட்டல்லவா! அதற்கு ஏன் கடை கடையாக அலைகிறாய்? கோதுமை ரவை இருக்கிறதே” என்றார். அயல் உணவு என்றாலே முகம் சுளிக்கும் அவர், அன்று தாமே இட்டலிப் பானையை அடுப்பில் ஏற்றினார்.

நாங்கள் ஐவருக்குச் செய்த முறையைக் கீழே தருகிறேன்.

வேண்டிய பொருள்கள்: சன்னமான கோதுமை ரவை 2 கோப்பை, ராஜ்மா 1 கோப்பை, வெங்காயம் 2, குடைமிளகாய் 1, செலரித் தண்டு 2, தக்காளி 4, வெண்டைக்காய் 150 கிராம், பூண்டு 6 பல், மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஓமம் ஒரு சிட்டிகை, பிரிஞ்சி இலை 1, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, உப்பு தேவையான அளவு.

செய்முறை: ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குக்கரில் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றுக்குக் கேடு செய்யும். வெண்டைக்காயைத் துண்டுகளாக்கிப் பிசுபிசுப்பு நீங்கச் சிறிது எண்ணெயில் தனியே வதக்கி வைக்கவும். கனமான சட்டியில் எஞ்சிய எண்ணெயைக் காயவைத்து, பிரிஞ்சி இலை, வெங்காயம், குடைமிளகாய், செலரி ஆகியவற்றைச் சிறு தீயில் பத்து நிமிடம் வதக்குக. இதில் அவசரம் கூடாது. சுவை முழுவதும் இதில்தான் இருக்கிறது. பின்னர்ப் பூண்டு, தூள்கள், ஓமம் சேர்த்து, தக்காளியை இட்டுக் கரையவிடுக. அவர்கள் இடும் தைம் என்னும் இலையின் மணம் ஓமத்தில் ஓரளவு கிட்டும். ராஜ்மாவையும் அது வெந்த நீரையும் ஊற்றி, உப்பிட்டு, கால் மணி நேரம் கொதித்தபின் வெண்டைக்காயைச் சேர்த்து இறக்குக.

ரவையை வெறும் சட்டியில் இலேசாக வறுத்து, உப்பு நீர் தெளித்துப் பிசிறி, துணி விரித்த இட்டலித் தட்டில் பதினைந்து நிமிடம் வேகவைக்கவும். வெளியே எடுத்துக் கட்டிகளை உதிர்த்து, மீண்டும் நீர் தெளித்து, மறுமுறையும் மென்மையாகும்வரை வேகவைத்தால் மணி மணியாக நிற்கும். கடையில் விற்கும் கூஸ்கூஸ் பெரும்பாலும் முன்பே வேகவைத்து உலர்த்தியது. அதற்குச் சம அளவு கொதிநீர் ஊற்றி, அடுப்பை விட்டிறக்கி, ஐந்து நிமிடம் மூடிவைத்து முள்கரண்டியால் உதிர்த்தால் போதும்.

உணவு பரிமாறியதும் மாமியார் ஒரு கவளம் உண்டு பார்த்து, “காரம் நம் ஊர்க் காரந்தான்” என்று இன்னும் சிறிது கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் சற்று யோசித்தாள். “அம்மா, வேறிடத்திலிருந்து வந்தவர்களுக்கு வந்த இடத்திலேயே பிறந்தவர்கள்தானே கிரியோல்? அப்படியென்றால் நானுந்தான்!” என்றாள்.

நான் மறுக்கவில்லை. “ஆம் கண்ணே, நீ தில்லியும் உண்டு, தஞ்சையும் உண்டு” என்று பாட்டியே விடை கூறிவிட்டார். அடுத்த ஞாயிறன்று ரவையைப் பிசிறியது மகளின் கை. அருகிருந்து பதம் சொன்னவர் பாட்டி.

நம் சங்கத்துச் சகோதரிகளும் இதனைத் தம் இல்லங்களில் செய்து பார்ப்பார்களாக. பிசிறும் வேலையைக் குழந்தைகளிடம் விடுவது நலம்.