மனவடு ஆறும் விதம்

வன்முறையில் உடம்பில் பட்ட காயம் தழும்பாகி மங்கிய பிறகும் உள்ளத்தில் நிற்கும் பாதிப்புக்கு மனவடு என்று பெயர். தமிழ் மருத்துவ எழுத்தில் இச்சொல் வேரூன்றியதில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுள் ஒருவரான தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ என்ற தலைப்பிலேயே தமிழில் நூல் எழுதினார். வெட்டு, அடிதடி, பாலியல் வன்முறை, காவலில் சித்திரவதை, கலவரம், வீட்டுக்குள் கணவனோ தகப்பனோ அடிப்பது என எதுவும் மனவடுவை உண்டாக்கலாம். அடிபட்டவருக்குத்தான் வரும் என்றில்லை. கண்ணெதிரே பார்த்த பிள்ளைக்கும், சேதி கேட்டு ஓடிவந்த தாய்க்கும் வரலாம்.

இதன் அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, நடந்தது மறுபடி நடப்பதுபோல் தோன்றுவது. அரிவாளோடு துரத்தப்பட்டவருக்குத் தென்காசி அருகே உள்ள பாவூர்சத்திரம் சந்தையில் வாழைத்தார் வெட்டும் சத்தம் போதும். உடம்பு அந்த நாளுக்கே திரும்பிவிடும். இரண்டாவது, நினைவூட்டும் இடத்தையும் ஆட்களையும் பேச்சையும் தவிர்ப்பது. மூன்றாவது, எண்ணமும் உணர்வும் மாறிப்போவது: ‘தப்பு என் மேல்தான்’, ‘இனி யாரையும் நம்ப முடியாது’ என்ற முடிவுகள், எதிலும் ஒட்டாத மரத்த தன்மை. நான்காவது, ஓயாத உஷார்நிலை. தூக்கம் கெடும், சட்டென்று கோபம் வரும், கவனம் சிதறும். மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்ணுக்கு வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் விரல் ஓடாமல் போவது இந்த வகை. இவை முதல் சில வாரங்களில் யாருக்கும் வரக்கூடியவை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் உறவையும் குலைத்தால், மருத்துவர்கள் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று முடிவு செய்கிறார்கள். பி.டி.எஸ்.டி. என்ற சுருக்கப் பெயரில் உலகம் அறிந்திருப்பது இதைத்தான்.

நோய்க்குப் பெயர் கிடைத்த வரலாறு

இந்தப் பாதிப்பை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. முதல் உலகப் போரில் நினைவிழந்தும் பார்வை மங்கியும் திரும்பிய சிப்பாய்களைப் பற்றி 1915இல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் ‘லான்செட்’ இதழில் எழுதினார். குண்டு வெடிப்பின் அதிர்ச்சியால் வந்தது என்ற பொருளில் அதற்கு ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் பரவியது. பெயர் பரவியும் சந்தேகம் போகவில்லை. போர்முனையிலிருந்து ஓடியதாகவும் கோழைத்தனம் காட்டியதாகவும் தண்டிக்கப்பட்டு, தன் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் பலர் மனவடுவால் நிலைகுலைந்தவர்கள் என்ற வாதமே அந்த மன்னிப்புக்கு வழிவகுத்தது.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறை இன்னும் தாமதமாகவே ஆய்வுக்கு வந்தது. ‘விழுந்துவிட்டான்’ என்று பெற்றோர் சொல்லிக் கொண்டுவரும் குழந்தைகளின் எலும்பு முறிவுகளுக்குப் பின்னால் அடி இருப்பதை 1962இல் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பின் குழு அமெரிக்க மருத்துவ இதழில் வெளிப்படுத்தியது. 1974இல் செவிலியர் ஆன் பர்ஜெஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரோமும் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த, பாலியல் வன்முறைக்கு ஆளான 92 பெண்களின் வாக்குமூலங்களை ஆராய்ந்தார்கள். பதற்றம், கெட்ட கனவு, தனிமைப் பயம் ஆகியவை அவர்களிடம் ஒரே அமைப்பில் வருவதைக் காட்டினார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் கோரிக்கையும் சேர, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. இடம்பெற்றது. ஒரே சம்பவத்துக்கு ஆளானவருக்கும் ஆண்டுக்கணக்கில் அடிபட்டவருக்கும் வேறுபாடு உண்டு என்று 1992இல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் வாதிட்டார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘சிக்கலான பி.டி.எஸ்.டி.’ தனி நோயாகச் சேர்ந்தது.

மூளையில் நடப்பது

ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா. அது மணியடித்ததும் அட்ரினலினும் கார்டிசோலும் இரத்தத்தில் ஏறுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. நிதானமாக எடைபோடும் மூளை முன்பகுதியின் பிடி தளர்கிறது. நடந்ததை நாள், இடம், வரிசை சேர்த்து நினைவில் அடுக்கும் ஹிப்போகாம்பஸின் வேலையும் தடுமாறுகிறது. இதனால் ஒரு வாசனை, ஒரு முகம், ஒரு சத்தம் அழுத்தமாகப் பதிந்துவிடும். எது முன், எது பின் என்பது கலங்கிவிடும். பாதிக்கப்பட்டவர் காவல் நிலையத்தில் ஒரு மாதிரியும் நீதிமன்றத்தில் வேறு வரிசையிலும் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வரிசை பிசகியதை மட்டும் வைத்துப் பொய் என்று தீர்மானிக்க முடியாது.

‘ஏன் சத்தம் போடலை? ஏன் ஓடலை?’ என்ற கேள்விக்கும் உடலியலில் பதில் உண்டு. எதிர்ப்பதும் தப்புவதும் முடியாதபோது உடல் தானாக உறைந்துவிடும். ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவு உறைநிலைக்குப் போனது தெரிந்தது. அப்படி உறைந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து பி.டி.எஸ்.டி.யும் மனச்சோர்வும் இருப்பதற்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது. சத்தம் போடாதது சம்மதம் ஆகாது என்பதற்கு இது அறிவியல் சான்று.

யாருக்கு ஆறாமல் நிற்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் பேரதிர்ச்சி தரும் நிகழ்வைச் சந்திக்கிறார்கள். அவர்களுள் பி.டி.எஸ்.டி. வருவது 5.6 சதவீதம் பேருக்கு. விபத்தையும் இயற்கைப் பேரிடரையும்விட மனிதர் வேண்டுமென்றே செய்யும் வன்முறை, குறிப்பாகப் பாலியல் வன்முறை, இந்த விகிதத்தைப் பல மடங்கு உயர்த்துகிறது.

ஒரே தாக்குதலுக்கு ஆளான இருவரில் ஒருவர் மீள்வதும் மற்றவர் மீளாததும் ஏன்? 2000இல் உளவியலாளர் கிறிஸ் பிரூவினின் குழு 77 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து இதை ஆராய்ந்தது. வயது, கல்வி, முந்தைய மனநலம் ஆகியவற்றுக்கும் பங்கு இருந்தது. ஆனால் தாக்குதலின் கடுமை, பிறகு ஆதரவு கிடைக்காமை, அதற்குப் பின்னும் தொடர்ந்த நெருக்கடிகள் ஆகியவற்றின் பங்கு அவற்றைவிடக் கூடுதல். அடி விழுந்த கணத்தை இனி மாற்ற முடியாது. அதன் பிறகு வீடும் ஊரும் காவல் நிலையமும் நடந்துகொள்ளும் விதத்தை மாற்ற முடியும். நோய் நிற்பதும் நீங்குவதும் பெருமளவு அதைச் சார்ந்தது.

தமிழரிடையே நடந்த ஆய்வுகள்

தமிழ் பேசும் மக்களிடம் மனவடு குறித்து மிக விரிவாக ஆய்வு நடந்த இடம் இலங்கையின் வடகிழக்கு. தயா சோமசுந்தரத்தின் உள்நாட்டுப் போர்க்கால அனுபவங்கள் 1998இல் ஆங்கில நூலாக வந்தன. 2007இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் ‘கூட்டு மனவடு’ பற்றி எழுதினார். நீண்டகால வன்முறை தனிமனிதரோடு நிற்பதில்லை. அக்கம்பக்கத்தார் மீதிருந்த நம்பிக்கை போகிறது, வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்ற பழக்கம் ஊரெங்கும் படிகிறது என்றார். போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பு 2011இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பி.டி.எஸ்.டி. அறிகுறி 7 சதவீதம் பேரிடம் இருந்தது. பதற்றம் 32.6 சதவீதம் பேரிடமும் மனச்சோர்வு 22.2 சதவீதம் பேரிடமும் இருந்தன. மனவடு என்றாலே பி.டி.எஸ்.டி. என்று எண்ணித் தேடினால் பெரும்பகுதித் துயரம் கண்ணில் படாது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

2008இல் வெளியான இன்னொரு ஆய்வு, வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தது. 82.4 சதவீதம் பிள்ளைகள் போர் தொடர்பான ஒரு கொடுமையையாவது அனுபவித்திருந்தார்கள். வீட்டுக்குள் ஏதேனும் ஒரு வன்முறையை எதிர்கொண்டவர்கள் 95.6 சதவீதம். தகப்பனின் குடியும் போர் அனுபவமும் கூடக்கூட வீட்டு அடியும் கூடியது. வெளியே நடந்த போர் வீட்டுக்குள் புகுந்து பிள்ளையின் முதுகில் இறங்கியது என்பதே அந்த ஆய்வின் சாரம்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நிலை அன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். தெருவில் உள்ள சாதிப் பகையும் பள்ளிக்குள் வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதையும் பொட்டு வைப்பதையும் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

ஊர்ப்பேச்சில் மனவடு

தென்காசி வட்டாரத்தில் ‘மனவடு’ என்று சொல்லிக்கொண்டு யாரும் மருத்துவரிடம் போவதில்லை. ‘நெஞ்சு படபடங்கு’, ‘உறக்கம் வரமாட்டுக்கு’, ‘கை காலெல்லாம் வெலவெலங்கு’ என்றுதான் சொல்வார்கள். உள்ளத்தின் வலி உடம்பின் வழியே பேசுவது உலகெங்கும் காணப்படுவது. இரத்தம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டால் சத்து ஊசியோடு கதை முடிந்துவிடும். ‘வீட்டில் ஏதாவது பிரச்சினையா?’ என்று தனியே கேட்கும் ஒரு கேள்வி உண்மையான நோயைக் காட்டக்கூடும்.

பிள்ளை திடுக்கிட்டு அழுதால் ‘பயந்த கோளாறு’ என்று துண்ணூறு போடுவதும் தாயத்துக் கட்டுவதும் இங்கே வழக்கம். கோயில் கொடையில் சாமியாடும் கோமரத்தாடியிடம் குறி கேட்பதும் உண்டு. மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் இதற்கு இணையான ஒன்றை ஆராய்ந்தார். காணாமல் போனவர்களின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டார்கள். வெளியே பேசத் துணியாத துயரத்தைச் சொல்லி அழ அங்கே இடம் கிடைத்தது. ஊர் கூடி ஒருவரின் வலியை ஒப்புக்கொள்ளும் சடங்குகளுக்கு ஆறுதல் தரும் ஆற்றல் உண்டு. பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கினாலோ, சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்தாலோ அதே சடங்குகள் தீங்காகும்.

சிகிச்சையும் நீதியும்

முதல் நாட்களில் தேவைப்படுவது மனநல முதலுதவி. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி அதைப் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்று மூன்றாகச் சுருக்குகிறது: பாதுகாப்பையும் உடனடித் தேவையையும் பார்ப்பது, அவர் சொல்ல விரும்புவதை மட்டும் கேட்பது, உறவோடும் சேவைகளோடும் இணைப்பது. நடந்ததை உடனே முழுவதும் சொல்லவைத்தால் மனம் லேசாகிவிடும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அத்தகைய ஒரே அமர்வுப் பேச்சால் பயன் இல்லை. சிலருக்குப் பாதிப்பு கூடவும் செய்தது.

நோய் நிலைத்துவிட்டால் பேச்சு வழிச் சிகிச்சைகளே முதன்மையானவை. பயப்படும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்வது, ‘தப்பு என் மேல்தான்’ போன்ற எண்ணங்களைச் சோதித்துத் திருத்துவது, கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர்., வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லிச் சிதறிய நினைவை அதன் இடத்தில் வைக்கும் கதைசொல்லல் முறை ஆகியவை ஆய்வில் பயன் தந்தவை. 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கை முகாம்களில் 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து, கதைசொல்லல் முறையில் 81 சதவீதம் பேரும் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தவர்களில் 71 சதவீதம் பேரும் குணமடைந்திருந்தார்கள். மனச்சோர்வு கூடியிருந்தால் மருத்துவர் மாத்திரையும் தருவார். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கித் தொடர்வது பழக்க அடிமைத்தனத்தில் கொண்டுவிடும்.

நீதி கிடைப்பதும் மீட்சியோடு சேர்ந்தது. 1992 ஜூன் 20இல் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய சோதனையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நடந்தது உண்மை என்பது மேல்முறையீட்டிலும் உறுதியாக 31 ஆண்டுகள் ஆயின. பாலியல் வன்முறை வழக்குகளில் இரு விரல் பரிசோதனை பெண்ணை மறுபடி புண்படுத்துகிறது என்று 2013இலும் 2022இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியோடு சேர்த்து இழிவுபடுத்திப் பேசுவதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது.

பாவூர்சத்திரம் போன்ற ஊரில் இருப்பவருக்கு உதவி எட்டாத தூரத்தில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல ஆலோசனையும் மருந்தும் இலவசம். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி முதல் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். தங்குமிடம், காவல், சட்ட உதவி, ஆலோசனை ஆகியவற்றை ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் ஒரே இடத்தில் தருகிறது. வீட்டார் செய்ய வேண்டியவை எளியவை: சொல்வதை நம்புவது, ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்று கேட்காமல் இருப்பது, அடித்தவரோடு சமாதானமாகப் போகச் சொல்லி வற்புறுத்தாமல் இருப்பது, தூக்கமும் சாப்பாடும் கெடாமல் பார்த்துக்கொள்வது, ஒரு மாதம் தாண்டியும் அறிகுறிகள் குறையாவிட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போவது.