பழைய கெப் வண்டியை வீட்டில் திருத்துதலும் மாற்றியமைத்தலும்

தெஹியோவிட்ட, தெரணியகல, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளிலே நெல்லும் காய்கறியும் விளைவிப்போருக்கு, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வண்டியானது மண்வெட்டிக்கு அடுத்தபடியான கருவியாகும். கங்கையோரத்து வயல்களிலிருந்தும், இறப்பர்த் தோட்டங்களுக்கு இடைப்பட்ட சரிவு நிலங்களிலிருந்தும் வரும் பாகல், புடோல், கத்தரி, வெண்டி, மரவள்ளி என்பன அவிசாவளைக்கோ, 2020 ஆம் ஆண்டு நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றப்பட்ட மெனிங் சந்தைக்கோ வாடாமல் போய்ச் சேர்தல் வேண்டும்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அத்தடை தளர்த்தப்பட்ட போதிலும், வரி உயர்வினால் புதிய வண்டி சிறு கமக்காரருக்கு எட்டாப் பொருளாகவே உள்ளது. ஆகையால் இருபது, முப்பது ஆண்டு உழைத்த கெப் வண்டிகளையே திருத்தியும், பலகை உயர்த்தியும், வில்லுத்தகடு சேர்த்தும் பலர் பயன்படுத்தி வருகின்றனர். இவ்வேலைகளுட் பலவற்றை வீட்டு முற்றத்திலேயே செய்து கொள்ளலாம். ஆனால் எதை முதலிற் செய்வது என்பதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். எஞ்சினுக்கும் வர்ணத்துக்கும், சிலர் ஊதுகுழலுக்கும் வண்ண விளக்குக்கும் முதற்பணத்தைச் செலவிடுகின்றனர். ஓடாத எஞ்சின் சந்தை நாளைக் கெடுக்கும்; நிற்காத வண்டியோ அதில் ஏறியவரையும் எதிரில் வருபவரையும் கெடுக்கும்.

பிரேக்கே முதல் வேலை

வண்டியும் சுமையும் சேர்ந்து 2½ தொன் நிறையுள்ளதாகக் கொள்வோம். அது 300 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்பொழுது வெளிப்படும் சக்தியானது, ஏறத்தாழ 25 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைப்பதற்குப் போதுமானது. எஞ்சின் தாங்கிக் கொள்ளாத அவ்வளவு சூடும் பிரேக்குகளிலேயே இறங்குகிறது. எனவே எந்தக் கியரில் மலை ஏறப்படுகின்றதோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும். எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காகக் கியரை விலக்கிவிட்டு உருண்டு இறங்குவோர் உளர். எஞ்சினையும் நிறுத்திவிடுவார்களாயின், பிரேக்கை இலகுவாக்கும் வெற்றிட உதவியும் இரண்டொரு மிதியில் தீர்ந்து போகும். பின்னர் மிதிகட்டை கல்லைப்போல் இறுகி நிற்கும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. மழை மிகுந்த சப்பிரகமுவைப் பகுதியிலே இதனை மறத்தல் ஆகாது. மூன்றாம் தர எண்ணெய், புதியதாயிருக்கையில், 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகையளவுக்குத் தாழ்ந்துவிடும். நீண்ட இறக்கத்திலே எண்ணெய் கொதித்து ஆவியாகுமாயின், மிதிகட்டை பஞ்சுபோல் அமிழுமேயன்றி வண்டி நில்லாது. சற்று ஆறியதும் பிரேக் மீண்டும் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கராஜுக்குக் கொண்டு போனால் ஒரு குறையும் காணப்படாதிருப்பது இதனாலேயே. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் முழுவதையும் மாற்றிவிடுவது நன்று. எண்ணெய் குறைந்தவிடத்து எஞ்சின் எண்ணெயை ஊற்றுதல் கூடவே கூடாது. உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் யாவும் ஊதிக் கெட்டுவிடும்.

வீட்டிலே செய்யத்தக்க சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி மிதிகட்டையை ஐந்தாறு முறை அழுத்தவும். பின்னர் காலை எடுக்காமலே எஞ்சினை இயக்கவும். மிதிகட்டை சிறிதளவு தாழுமாயின் வெற்றிட உதவி வேலை செய்கிறது. தாழாதாயின் வெற்றிடக் குழாயையும், டீசல் வண்டியாயின் வெற்றிடப் பம்பியையும் பார்த்தல் வேண்டும். இப்பம்பி பல வண்டிகளில் மின்பிறப்பாக்கியின் பின்புறத்தில் இணைந்திருக்கும். அழுத்திப் பிடித்த மிதிகட்டை மெல்ல மெல்லத் தரைக்கே போய்விடுமாயின் எண்ணெய் எங்கோ கசிகின்றது, அல்லது தலைமை உருளையினுள்ளே பின்வாங்குகின்றது. அந்நிலையிலுள்ள வண்டியைச் சாலையில் இறக்குதல் ஆகாது.

சில்லைக் கழற்றுமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஏனைய சில்லுகளுக்குக் கட்டை கொடுக்கவும். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி புதையும். அடியிலே தடித்த பலகை இடவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைதல் உயிராபத்து. வைரமுள்ள மரக்கட்டைகளையோ இரும்புத் தாங்கிகளையோ சட்டத்தின்கீழ் கொடுத்த பின்னரே நுழைய வேண்டும். சீமெந்துக் கற்கள் பாரத்தில் நொறுங்குமாகையால் அவை உதவா. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருத்தல் கூடும். தூசை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்கவும். பட்டை 2 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடலாம். அதற்கு மேலும் தேயவிட்டுச் சேமிக்கும் பணம் சொற்பமே.

வில்லுத்தகடு சேர்ப்பதில் மறைந்துள்ள தீமை

பின்புறம் தாழ்கின்றதென்று பின் வில்லுகளிலே ஒன்றிரண்டு தகடுகளை மிகுதியாகச் சேர்த்தல் இப்பகுதியில் வழக்கமாகிவிட்டது. தகடு சேர்த்தவுடன் வண்டி நிமிர்ந்து நிற்கும். மேலும் பத்து மூடை ஏற்றலாம் என்ற எண்ணமும் எழும். ஆனால் அச்சும், தாங்கியும், பிரேக்கும், டயரும் பழைய அளவினவே.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற ஒரு தொன் வகை வண்டிகள் பலவற்றிலே, பின் அச்சிலிருந்து சட்டத்தை நோக்கி ஒரு மெல்லிய கோல் செல்வதைக் காணலாம். அது கராஜ்களில் லோட் சென்சிங் வால்வு எனப்படும் கருவியோடு இணைந்தது. சுமை ஏறி வண்டியின் பின்புறம் தாழும்பொழுது, அவ்வால்வு பின் பிரேக்குகளுக்குக் கூடிய அழுத்தத்தை விடுகின்றது. வெறும் வண்டியாயின் பின் சில்லுகள் சறுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கின்றது. தகடு சேர்த்து உயர்த்தப்பட்ட வண்டியிலே, ஒரு தொன் சுமை ஏறியும் பின்புறம் போதியளவு தாழ்வதில்லை. வால்வு வண்டியை வெறுமையானதென்றே கணித்துப் பின் பிரேக்கைத் தளர்த்திவிடுகின்றது. முன் பிரேக்குகள் மட்டுமே முழுப் பாரத்தையும் தாங்கிச் சூடேறுகின்றன. சமதரையில் இக்குறை தெரியாது. சுமையோடு மலை இறங்கும்பொழுதே தெரியவரும்.

ஆகையால் தகடு சேர்க்கப்பட்ட வண்டியில் அக்கோலின் அமைப்பும் சீராக்கப்படுதல் அவசியம். இது அழுத்தமானி கொண்டு, வண்டியின் கைந்நூலிற் கூறியபடி செய்யப்பட வேண்டியது. வீட்டில் குத்துமதிப்பாகக் கோலை வளைத்தல் தகாது. இதைக் கழற்றி எறிந்துவிடுவோரும் உளர். மழையில் வெறும் வண்டி ஓட்டும்பொழுது பின்புறம் சுழன்று வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகும். தளர்ந்துபோன பழைய வில்லுக்கு மருந்து, அதே அளவான நல்ல வில்லை மாற்றுவதே. காஸ் சுடரால் சூடாக்கி வளைவு ஏற்றிய தகடு தன் உரத்தை இழந்து, சில மாதங்களில் முன்னிலும் மோசமாகத் தாழும்.

பலகையும் சுமையும்

பக்கப் பலகைகளை உயர்த்துவது கீரை, புடோல் போன்ற பருத்த, நிறை குறைந்த பொருள்களுக்கு ஏற்றது. அதே பலகையின் விளிம்புவரை மண்ணொட்டிய மரவள்ளியை நிரப்புவது வேறு காரியம். 50 கிலோகிராம் நெல்மூடை இருபது ஏற்றினாலே ஒரு தொன் ஆகிவிடும். மழையில் நனைந்த சாக்கின் நிறையை அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பாரமானவை அடியிலும், ஓட்டுநர் அறையை ஒட்டியும் இருத்தல் நலம். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் தொங்குமாயின் முன் சில்லுகள் இலேசாகி, வளைவிலே வண்டி திருப்பியபடி திரும்பாது.

காய்கறிக்கு உயரத்தைவிடக் காற்றோட்டமே நன்மை செய்யும். சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ள கத்தரி நசுங்கி வெந்துபோகும். பலகைகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு, பிளாத்திக்குக் கூடைகள் அசையாமல் அமரும்படி தட்டின் அகலத்தைக் கூடைகளின் அளவுக்கேற்ப அமைத்துக் கொள்ளுதல், வீட்டிற் செய்யக்கூடிய மாற்றங்களுள் மிகுந்த பலன் தருவதாகும். இதற்கான சட்டகத்தை யூ வடிவ ஆணிகளால் பிணைக்கலாம். வண்டிச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுதலும் ஒட்டுதலும் வெடிப்புக்கு வழிவகுக்கும்.

எஞ்சினை மாற்றுதல், உடலின் வகையை மாற்றுதல் என்பவற்றுக்கு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி பெற்று, பதிவுச் சான்றிதழிலும் திருத்தம் செய்வித்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் கேட்டறிவது செலவைக் குறைக்கும்.

துருவும் வெள்ளமும்

கமக்காரரின் வண்டி பிறர் வண்டியைவிட விரைவில் துருப்பிடிப்பதற்குக் காரணம் மழை மட்டுமன்று. பொட்டாசு உரத்திலுள்ள குளோரைட்டு இரும்பை அரிக்கும். இறப்பர்ப்பால் உறையவிடும் அமிலம் ஒரு சொட்டுச் சிந்தினாலும் வர்ணத்தின்கீழ்த் துரு தொடங்கிவிடும். உரம் ஏற்றிய அன்றே தட்டை நீரூற்றிக் கழுவி, மூலைகளிலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடவும். தட்டின்மேல் நிரந்தரமாக இறப்பர் விரிப்பு இடுவோர், அதனடியில் நீர் தங்குவதை அறியார். சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். அவ்விடத்தில் தார் பூசி மறைத்தல் திருத்தம் ஆகாது.

சீதாவக்கை கங்கை பெருகி வண்டி நீரில் மூழ்கியிருந்தால், வடிந்தவுடன் எஞ்சினை இயக்கிப் பார்த்தல் ஆகாது. உருளைக்குள் நீர் நின்றிருந்தால் அது அமுங்காமையால், பிணைப்புத் தண்டுகள் வளைந்துவிடும். முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றவும். எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பின் அச்சு எண்ணெய் ஆகியவற்றைச் சிறிது வடித்துப் பார்க்கவும்; பால் கலந்த தேநீர் நிறமாயிருந்தால் முழுவதையும் மாற்றுதல் வேண்டும். காற்று வடிகட்டியை எடுத்தெறிந்து, டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள நீரைத் திறந்துவிட்டு, பிரேக் பறைகளைக் கழற்றிச் சேறு கழுவி உலர்த்திய பின்னரே, கராஜ்காரரைக் கொண்டு எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்ப்பித்து இயக்கலாம்.